வெள்ளைப் பூ வந்தால் ஜெர்மனி

வெளிநாடு போக வழி சொல்கிற தொழிலுக்கு முதல் தகுதி, தான் எந்த நாட்டுக்கும் போயிருக்கக் கூடாது என்பதுதான். போனவள் திரும்பி வந்து இந்த நாற்காலியில் எதற்கு உட்காரப் போகிறாள்? நாமக்கல்லில், திருச்செங்கோடு சாலையில், லாரி சீட் தைக்கிற கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், மேலே நான் பேசிக்கொண்டிருப்பேன். பதினோரு வருஷமாக எனக்கு முன்னால் ஒரு மேஜை, பின்னால் சுவரில் ஓர் உலக மேப். அதற்கு முன்பு ஒரு ஹாஸ்டல் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். அங்கே நான் கத்தினால் பிள்ளைகள் பயந்தார்கள். இங்கே கத்தினால் டீ வாங்கி வந்து கொடுக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு ஓடியிருக்கும். கனடாவா ஆஸ்திரேலியாவா என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சண்டை போட்டு, சோறு ஆறிப் போய், ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடைசியில் "அந்த மேடத்தையே கேட்டுப்புடலாம்" என்று கிளம்பியிருப்பீர்கள். அந்த மேடம் நான்தான். சம்பளம், படிப்பு, விசா இவற்றைப் பார்த்துத்தான் ஜனங்கள் நாட்டைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம்பினேன். அந்த நம்பிக்கை ஒரு வாரம் தாங்கியது.

எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "மேடம், நீங்களா இருந்தா எந்த நாட்டுக்குப் போவீங்க?" எனக்கு உடனே போனில் ஏதோ அவசர வேலை வந்துவிடும். என் பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியாகி, புதுப்பித்து, பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

பங்காளி இருக்கிற கண்டம்

ஆட்டையாம்பட்டிப் பக்கமிருந்து ஓர் அப்பாவும் மகனும் வந்தார்கள். மகன் இன்ஜினியரிங் முடித்தவன். அவன் மதிப்பெண்ணுக்கும் படிப்புக்கும் ஆஸ்திரேலியா அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. நானும் முக்கால் மணி நேரம் தொண்டை வறளப் பேசினேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேற நாடு சொல்லுங்க அம்மிணி" என்றார். தூரமா என்றேன், இல்லை. செலவா என்றேன், இல்லை. மகன்தான் கடைசியில் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவனுடைய சித்தப்பா மகன் அங்கே இருக்கிறானாம். பொதுக் கிணற்றில் யார் எந்த நாளில் மோட்டார் போடுவது என்பதில் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு வார்த்தை நின்று பல வருஷம் ஆகிறதாம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எழுந்து போய் மேப்பில் காட்டினேன். உங்கள் தம்பி மகன் இருக்கிற ஊர் இந்த ஓரம், உங்கள் மகன் படிக்கப் போகிற ஊர் அந்த ஓரம், நடுவில் முழுக்கப் பாலைவனம், விமானத்தில் போனாலே அரை நாள் ஆகிவிடும் என்றேன். மனுஷர் எழுந்து பக்கத்தில் வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு ஓரத்தையும் நன்றாகப் பார்த்தார். பிறகு ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "நீங்க சொல்றது வாஸ்தவந்தானுங்க. ஆனா, பங்காளி இருக்கற கண்டத்துல என்ற பையன் எப்படிங்க குடியிருப்பான்?"

பாறை எப்படிங்க?

எங்கள் மேப்பில் ஆப்பிரிக்கா மட்டும் அழுக்கேறிக் கிடக்கும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் விரல் வைத்து வைத்து வந்த அழுக்கு அது. போர்வெல் போட அவர்கள் போகாத நாடு குறைவு. அப்படி ஒருவர் இரண்டு வண்டியோடு குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்க் குடியேறப் போவதாக வந்தார். குடும்பத்தோடு என்றதும் நான் உற்சாகமாகிவிட்டேன். மூன்று நாடுகளை எடுத்து, பள்ளிக்கூடம் எப்படி, ஆஸ்பத்திரி எப்படி, பாஷை என்ன என்று இரண்டு நாள் உட்கார்ந்து தயார் செய்து வைத்தேன். அவர் வந்து காகிதத்தைப் புரட்டிவிட்டு, "அதெல்லாம் கெடக்குதுங்க. பாறை எப்படிங்க?" என்றார்.

பாறை எப்படி என்று எனக்கு எப்படித் தெரியும்? அங்கே ஏற்கெனவே போய் வேலை செய்கிற நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் ஒரு நாட்டின் பேரைச் சொல்லி, "அங்க போங்கண்ணா, அருமையான ஊரு, நூறு அடியிலயே தண்ணி பீச்சி அடிக்குது" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம் பக்கத்தில் ஆயிரம் அடி தாண்டியும் புகையாகவே வருகிற போர்வெல் எத்தனை பார்த்திருக்கிறோம்! ஆனால் முதலாளி முகம் வாடிப் போய்விட்டது. அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற மனுஷர் அல்லவா? காகிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்: "நூறடியில தண்ணி வர்ற ஊருல நமக்கு என்னங்க வேலை?"

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற நாடு

கோமதி நர்ஸ். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊர். நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரில் ஒன்பது வருஷமாக வேலை. வீட்டுக்காரர் லாரி டிரைவராக இருந்தவர், நாலு வருஷத்துக்கு முன்னால் விபத்தில் போய்விட்டார். ஒரே பெண், வர்ஷினி, இரண்டாம் வகுப்பு. கோமதி சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை, குளிருமா என்றும் கேட்கவில்லை. "புள்ளையக் கூடவே கூட்டிட்டுப் போற நாடு எதுங்க மேடம்?" என்றுதான் கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவளுக்கு இரண்டு வழி இருந்தது. துபாய் என்றால் உடனே கிளம்பலாம். ஆனால் நர்ஸ்களுக்குச் சேர்ந்து தங்கும் அறைதான் கொடுப்பார்கள், பிள்ளை இங்கேயே இருக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்ளலாம். ஜெர்மனி என்றால் ஒரு வருஷம் அந்தப் பாஷையை உயிரைக் கொடுத்துப் படிக்க வேண்டும், பரீட்சை தேற வேண்டும். தேறிவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்தே விண்ணப்பம் போடலாம். கோமதி யோசிக்கவே இல்லை, ஜெர்மனி என்றாள். கூட வந்திருந்த அவள் அப்பா காளியப்பன், குச்சிக்கிழங்கு வெள்ளாமை செய்கிறவர், துபாய் என்றார். அவருடைய தங்கை மகன் அங்கே இருக்கிறானாம், பார்த்துக்கொள்வானாம். அப்பாவும் மகளும் என் மேஜைக்கு முன்னாலேயே மெதுவான குரலில் வாக்குவாதம் செய்தார்கள். கடைசியில் காளியப்பன் கும்பிடு போட்டு எழுந்தார்: "ரெண்டையும் கோயில்ல ஆத்தாகிட்ட வெச்சுப் பூக் கேட்டுப்புடலாமுங்க. அவ எதுக்கு வாக்குக் குடுக்கறாளோ, அதுதான் நாடு."

ஹாஸ்டல் இல்லாத நாடு

ஒரு பையன், பிளஸ் டூவில் அள்ளி வாங்கியிருந்தான். அப்பா பெரிய லாரி பாடி பட்டறைக்காரர். நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் அப்பாவே பதில் சொன்னார். என்ன படிக்க ஆசை என்றால் அப்பா சொல்வார். குளிர் தாங்குவாயா என்றால் அப்பா தாங்குவார். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷத்துக்கு முன்னால் வரவேண்டிய கோபம் எனக்கு அப்போது வந்தது. "நீங்க கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று அப்பாவை இறக்கிவிட்டேன்.

அவர் போனதும் பையனிடம் மேப்பைக் காட்டி, உனக்கு எது வேண்டுமோ சொல் என்றேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஏழு வருஷம் ஹாஸ்டல் பள்ளியில் இருந்த பிள்ளை. விடிகாலை மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, மணி அடித்தால் படித்த பிள்ளை. அந்த மணியை நானும் சில வருஷம் அடித்தவள்தான் என்பதை அவனிடம் சொல்லவில்லை. மேப்பைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை அவன். "எந்த நாட்டுல ஹாஸ்டல் இல்லீங்க மேடம்?"

முதல் விசா

பூக் கேட்பது தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இரண்டையும் இலையில் மடித்து நூல் சுற்றி, சாமி காலடியில் வைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பெண் எடுப்பதற்கும் கேட்பார்கள், கிணறு வெட்டுவதற்கும் கேட்பார்கள். எங்கள் அலுவலகத்தில் இதற்கு நான் வைத்திருக்கிற பெயர் முதல் விசா. இது கிடைக்காமல் மற்ற விசாவுக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

கோமதி திரும்பி வந்தபோது, ஜெர்மன் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. டூட்டி முடிந்து வந்து, போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு படிக்கிறாளாம். வகுப்பு டீச்சர் என்னிடம் அவளைப் பற்றி நல்லபடியாகச் சொல்லியிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் நான் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருக்க, அவள் கண் கலங்கி நின்றாள். ஜெர்மனிக்கும் சிவப்பு, துபாய்க்கும் சிவப்பு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாமி மேல் காட்ட முடியாதென்று ஸ்டேப்லர் மேல் காட்டினேன். கோமதி மட்டும் அமைதியாகச் சொன்னாள்: "நான் இங்கயே கெடக்கட்டும்னு ஆத்தா நெனைக்கறாளாட்ட இருக்குதுங்க மேடம்."

மூச்சு வாங்காத கோழி

இது நடந்த அதே வாரம் ஒரு கோழிப் பண்ணை சூப்பர்வைசர் வந்தார். நியூசிலாந்தில் ஒரு பண்ணையில் வேலை இருந்தது. சித்திரை வெயில், எங்கள் ஃபேன் சூடாகத்தான் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. அவர் அங்கே எத்தனை டிகிரி என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். வெயிலுக்குப் பயந்து ஓடப் பார்க்கிறார் என்று நினைத்து நான் ஒரு பிரசங்கமே வைத்தேன். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். இருபது வருஷமாகக் கோடை வந்தால் கூரை மேல் தண்ணீர் அடித்து, ஃபேன் போட்டு, அப்படியும் காலையில் செத்துக் கிடக்கிற கோழிகளைப் பொறுக்குவதுதான் அவர் வேலையாம். "எனக்கு வேர்த்தாப் பரவாயில்லீங்க. வாயத் தொறந்து மூச்சு வாங்காம நிக்கற கோழிய ஒரு கோடையிலயாவது பாத்துப்புடோணுமுங்க."

நாலு பூ கூடுதல்

காளியப்பன் ஒரு நாள் தனியாக வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். மூன்றாவது தடவையும் கேட்டாயிற்றாம். இந்தத் தடவை துபாயைக் கேட்கவில்லை, ஜெர்மனியை மட்டும்தான் கேட்டாராம். அவர் மனசு மாறியிருந்தது. மகள் அந்தப் பாஷையை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவுவதைப் பார்த்தாராம். நாலு வருஷமாக அந்த முகத்தில் காணாத ஒரு தெளிச்சி இருந்ததாம். மறுபடியும் சிவப்பு.

புது ஆட்கள் பட்டியலை மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும் என்று ஜெர்மனி ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பத்து நாள் இருந்தது. பூவாவது ஒன்றாவது, ஜாமீன்தாரராக நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் என்று அவரிடம் கத்தலாம் போலிருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து முடியவில்லை. வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி குனிந்து சொன்னார்: "ஆத்தா கோவிச்சுக்கக் கூடாது. வெள்ளையில நாலு பூ சேத்துத்தானுங்க கட்டறேன், புள்ள கைக்கு மொதல்ல அகப்படட்டும்னு. அப்படியும் செவப்பே வருதுங்களே!"

குண்டுப் பொட்டலம், ஒல்லிப் பொட்டலம்

நாலு நாள் கழித்துக் கோமதி ஃபைலைத் திரும்ப வாங்க வந்தாள். விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்கப் பக்கத்து அறைக்குப் போனாள். கூட வந்த வர்ஷினி என் மேஜையோரம் நின்றாள். இரட்டைச் சடை, முன்பல் ஒன்று இல்லை. பிஸ்கட் கொடுத்தேன். பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "கோயில்ல பூ எடுக்கறது யாரு, நீயா?" என்றேன். "ஆமாங்க ஆண்ட்டி. தாத்தா கட்டறதப் பாத்திருக்கறேன், எனக்கு எது எந்தப் பூன்னு தெரியும். குண்டா இருக்கறது வெள்ளை" என்றாள் பெருமையாக. எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. அப்படியென்றால் ஏன் கண்ணு அதை எடுக்கவில்லை என்று கேட்டேன். பக்கத்து அறையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மாவ அனுப்பலாமான்னு தாத்தா கேக்கறாரு. அதான் ஒல்லிய எடுத்துருவேன்."

மூன்று மாதமாக எத்தனை பேர் பேசியிருக்கிறோம்! நான், கோமதி, காளியப்பன், ஜெர்மன் டீச்சர். வீட்டில் பேசியிருக்கிறார்கள், கோயிலில் பேசியிருக்கிறார்கள். பிள்ளைக்காகத்தான் இந்த நாடே என்பதை அந்தப் பிள்ளையிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கு என்ன வெட்கம். ஃபைலைத் திறந்து உள்ளே இருந்த அவளுடைய பாஸ்போர்ட் நகலை எடுத்து வைத்து, "இது யாரு?" என்றேன். "நான்" என்றாள். "உன்னையும் கூட்டிட்டுத்தான் உங்கம்மா போறாங்க. நீ இல்லாத நாடே வேண்டாம்னு மொத நாளே சொல்லிட்டாங்க." மேப்புக்குத் தூக்கிக் காட்டி ஜெர்மனி எது என்று சொன்னேன். அவள் பிஸ்கட் துகள் ஒட்டிய விரலை அதன் மேல் வைத்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கேட்டாள்: "அங்க ரெண்டாங் கிளாஸ் இருக்குதுங்களா?"

நாலாவது தடவை

கோமதியிடம் பூ விஷயத்தை நான் சொல்லவில்லை. "இன்னும் ஒரே ஒரு தடவை கேளுங்க. அதுக்கு முன்னால இவளை மடியில உட்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி, அவள் எழுதிய கடிதத்தை வாங்கி என் டிராயரில் போட்டுப் பூட்டினேன். கோயில் காரியத்தில் தலையிட்ட பாவம் என்றால் என் கணக்கில் இருந்துவிட்டுப் போகட்டும்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது காளியப்பன் படியேறி வந்தார். கீழே தையல் கடைக்காரர்களுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இலையைப் பிரித்து மேஜை மேல் வைத்தார். வெள்ளை அரளி, வாடியிருந்தது, நிறையவே இருந்தது. "புள்ள யோசிக்கக்கூட இல்லீங்க, கையை வெச்சா, எடுத்துட்டா" என்றார். நான் முகத்தை வெகு கஷ்டப்பட்டு நேராக வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைக் காட்டினேன். நிதானமாக எல்லாவற்றிலும் போட்டுவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "இத்தன நாளா ஆத்தா எதையத்தான் யோசிச்சுட்டு இருந்தாளோ, தெரியலீங்க அம்மிணி!"

எடுத்துத் தாரேன்

கோமதி முதல் பரீட்சையில் கொஞ்சத்தில் தவறினாள். ஒரு நாள் அழுதாள், மறுநாளே அடுத்த பரீட்சைக்குப் பெயர் கொடுத்தாள். இரண்டாவதில் தேறிவிட்டாள். விசா இரண்டு பேருக்கும் சேர்ந்தே வந்தது. கிளம்புகிற நாளன்று விடைபெற்றுக்கொள்ள வந்தார்கள். நாமக்கல் வெயிலில் வர்ஷினி கம்பளிச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள், நெற்றியெல்லாம் வேர்வை. காளியப்பன் பெட்டியின் கைப்பிடியில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அடையாளத்துக்காம்.

எழுந்திருக்கும்போது வர்ஷினிதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "நீங்க எந்த நாட்டுக்குப் போறீங்க ஆண்ட்டி?" போன் எதுவும் அடிக்கவில்லை. எனக்கும் அன்றைக்கு நடிக்கத் தோன்றவில்லை. "எனக்கு யாரும் இன்னும் பூக் கேக்கலியே கண்ணு" என்றேன். பெரியவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, என் காதுக்குக் கையைக் குவித்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "வெள்ளை வேணுமா, செவப்பு வேணுமா? சொல்லுங்க, நான் எடுத்துத் தாரேன்."

இப்போதெல்லாம் எங்கள் அலுவலகத்துக்கு யார் வந்தாலும், கூட வந்திருக்கிற சின்னப் பிள்ளைக்கு முதலில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து அதனிடம் விஷயத்தைச் சொல்லி உத்தரவு வாங்கிக்கொண்ட பிறகுதான், பெரியவர்களுக்கு நான் மேப்பைக் காட்டுகிறேன்.